பதினொன்றரைப் பெரியவர்

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி புதிதாக மாட்டிய திரைச்சீலையைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "துணி கெட்டியா இருக்கு" என்பாள். அதற்குமேல் அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அப்படிப்பட்டவள் பதினான்கு மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரே ஒரு பொய்யைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் நம்பித்தான் ஆகவேண்டும். அந்தப் பொய்க்குப் போன் நம்பர் கொடுத்த புண்ணியவான் நான்.

அவள் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் உட்காருகிறாள். படுக்கை கிடையாது, ஆபரேஷன் கிடையாது. வந்து காட்டிவிட்டுப் போகிற இடம். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், ஒரு மருந்து கவுன்டர், பதினான்கு நாற்காலிகள். பத்தொன்பது வருஷமாக அந்த மேசைதான் அவளுக்கு. வருகிறவர்கள் எல்லாரும் அவளை "அக்கா" என்பார்கள், அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள் உட்பட. அவளும் அதை ஒரு பதவி மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வரும்போதே அவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூச்சல் போடுகிறவரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. "கத்தறதுக்குத் தெம்பு இருக்கில்ல? அரை மணி நேரம் தாங்கும்" என்பாள். "ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறவரைக் கண்டால்தான் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆன்லைன் புக்கிங் வந்தது. பழைய ஆள், புது முறையைக் கண்டு மூக்கால் அழுதிருப்பாள் என்று நினைத்தால் தப்பு. சந்தோஷத்தில் குதித்தாள். அதற்கு முன்னால் தினம் காலையில் அந்த மேசைக்கு முன்னால் நடந்த ரகளை கொஞ்சநஞ்சமல்ல. "நான் யார் தெரியுமா?" என்று ஒருவர், "டாக்டரும் நானும் ஒரே ஸ்கூல்" என்று ஒருவர், "ஒரே ஒரு கேள்விதான், உள்ள போய் நின்னுக்கிட்டே கேட்டுட்டு வந்துடறேன்" என்று போய் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் ஒருவர். புக்கிங் வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. மறுநாளைக்கான நேரங்கள் முதல் நாள் மாலை ஆறு மணிக்குத் திறக்கும். ஆளுக்குப் பத்து நிமிஷம். யார் முதலில் தட்டுகிறாரோ அவருக்கு. பெரிய மனிதரும் சின்ன மனிதரும் ஒரே வரிசையில். அவள் அதை வாயாரப் புகழ்வாள்.

ஒரே ஒரு குறைதான். ஆறு மணிக்குத் திறந்தால் ஆறு பத்துக்குள் மறுநாள் முழுக்கத் தீர்ந்துவிடும். மறுநாள் காலையில் திடீரென்று நோவு வந்தவர் நேரில் வந்து நின்றால், அவருக்கு இடம் இல்லை.

அப்போதுதான் புதிதாக வந்திருந்த மேனேஜரிடம் போய், "சார், நாளுக்கு ஒரு நேரத்தை மட்டும் காலியா விட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள். அவர் இளைஞர், நல்லவர், ஆனால் விதி என்றால் விதி. "காலியா விட்டா சிஸ்டம் அதை யாருக்காவது குடுத்துடும் அக்கா. ஒருத்தருக்காக மாத்தினா அப்புறம் பழைய ரகளைதான். அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "வலி என்ன, முந்தின நாள் ஆறு மணிக்கு புக் பண்ணிட்டா வருது? 'இது அவசரம்'னு தெரிஞ்சவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுவான். தெரியாதவன்தான் என்கிட்ட வர்றான்."

மறுநாள் மாலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. நான் சலவை இயந்திரம் பழுது பார்க்கிறவன். யார் வீட்டிலோ தரையில் படுத்து, கைநிறைய சோப்புத் தண்ணீரோடு கிடந்தேன்.

"என்னங்க, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். நாலு எண். சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க! தீர்ந்துடப் போகுது."

சொன்னேன். அடுத்த நொடி ஒரு செய்தி வந்தது: மதிப்பிற்குரிய ஐயா, நாளை காலை பதினொன்றரை மணிக்கு உங்கள் சந்திப்பு உறுதி செய்யப்பட்டது.

இப்படித்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். வயது எழுபத்து நான்கு என்று போட்டிருந்தாள். அவருக்கு ஒரு பேரும் வைத்திருந்தாள். ஆனால் வீட்டில் அவர் எப்போதும் "பதினொன்றரைப் பெரியவர்"தான். மறுநாள் பதினொன்று இருபத்தொன்பதுக்கு அவருடைய சந்திப்பை ரத்து செய்வாள்; அந்த நிமிஷமே, முன்னால் நிற்கிற அவசரக்காரரின் பேரை அங்கே போட்டு உள்ளே அனுப்புவாள். யாரும் வராத நாளில், காத்திருக்கிறவர்களில் ஒருவரை முன்னால் தள்ளிவிடுவாள். ஏன் பதினொன்றரை என்றால், அதற்கும் காரணம் வைத்திருந்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குக் கொஞ்சம் தலைகாட்டி, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் பதினொரு மணிக்குத்தான் தாங்க முடியாமல் வருவார்களாம்.

என் பாடுதான் திண்டாட்டம். தினம் ஆறு மணிக்கு, யார் வீட்டில் இருந்தாலும், ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு நாலு எண்ணைக் கிசுகிசுக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரம்மா சந்தேகமாகப் பார்த்து, "யாருங்க அது?" என்றே கேட்டுவிட்டார். "எங்க வீட்டுப் பெரியவருக்கு டாக்டர்" என்றேன். "பாவம், தினமுமா?" என்று அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் மதியம் மேனேஜர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு முன்மேசைக்கு வந்தார். முகம் வாடியிருந்ததாம்.

"அக்கா, இதைப் பாத்தீங்களா? எழுபத்து நாலு வயசுப் பெரியவர். இருநூத்தி எழுபத்திரண்டு தடவை புக் பண்ணியிருக்கார். இருநூத்தி எழுபத்திரண்டு தடவையும் ஒரு நிமிஷம் இருக்கும்போது கேன்சல் பண்ணியிருக்கார். எனக்கு ராத்திரியெல்லாம் மனசு கேக்கல. வாசல் வரைக்கும் வந்து பயந்துகிட்டுத் திரும்பிப் போறார் போல. நாம யாரும் கவனிக்கலயே!"

இவளுக்குக் காது மட்டுமல்ல, கழுத்து வரைக்கும் சிவந்திருக்கும். வாயைத் திறப்பதற்குள் அவர் அங்கேயே நின்றபடி அந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டார்.

நான் எடுத்தேன். தலை சலவை இயந்திரத்துக்குள் இருந்தது.

"ஐயா, வணக்கம். கிளினிக் மேனேஜர் பேசறேன். நீங்க பயப்படவே வேண்டாம். டாக்டர் ரொம்ப நல்லவங்க. ஊசியெல்லாம் போட மாட்டாங்க."

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும். எந்தப் புத்தியுள்ள மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். நான், "அது வந்து... நான் பையன் பேசறேங்க" என்றேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு! நாளைக்கு அப்பாவை நீங்களே கூட்டிட்டு வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன். வருவீங்கல்ல?"

அவ்வளவு அன்பாகக் கேட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? "சரிங்க" என்றேன்.

அன்று வீட்டில் எனக்கு நடந்த அர்ச்சனையை முழுதாக எழுத முடியாது. "சரிங்கவாம், சரிங்க! வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்தது? இல்லைன்னு ஒரு வார்த்தை வராதா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். பொய்ப் பேரில் பதிவு போட்டால் அங்கே வேலை போய்விடும்; எழுதியே மாட்டியிருக்கிறார்களாம். "பத்தொன்பது வருஷங்க" என்றாள்.

பிறகு இருவரும் யோசித்தோம். பெரியவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்றேன். ஏறிட்டுப் பார்த்தாள். "அவரை எதுக்குக் கொல்றீங்க? அவர் உங்களுக்கு என்ன பண்ணினார்?" என்றாள். பார்த்தால் எனக்கும் மனசு வரவில்லை. கடைசியில் முடிவானது இது: நான் மகனாகப் போகவேண்டும். "அப்பா எங்க அக்கா வீட்டுக்கு வெளியூர் போயிட்டார், இனிமே அங்கதான் இருப்பார்" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். மேனேஜர் என்னைப் பார்த்ததில்லை. மாலையில் நான் அவளைத் தெருமுனையிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். நர்ஸுக்கு என்னைத் தெரியும், ஆனால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அந்த ஒரு வரியை எனக்குப் பத்து தடவை சொல்லிக்கொடுத்தாள். நான் பத்து தடவையும் சரியாகச் சொன்னேன்.

மறுநாள் பதினொன்று பத்துக்குப் போனேன். மேனேஜர் சொன்னபடி வாசலிலேயே நின்றார். நான்தான் பையன் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்பா எங்கங்க?"

"பின்னாடி வர்றார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்மேசையில் என் மனைவி பேனாவைக் கீழே போட்டது மட்டும் காதில் விழுந்தது. மேனேஜர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் காவல் நிற்பது போல் நின்றுகொண்டார். பெரியவர் வந்ததும் ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்கக்கூடாதாம்.

பதினொன்று இருபது இருக்கும். ஒரு பஸ் டிரைவர் உள்ளே வந்தார். சீருடையில் இருந்தார், ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம். "அக்கா, ஒண்ணுமில்ல. நாளைக்கு எப்படி புக் பண்றதுன்னு கேக்கலாம்னு வந்தேன். இந்த போன்ல வரமாட்டேங்குது" என்றார்.

"என்ன பண்ணுது உங்களுக்கு?"

"வாயுதான். காலையிலேர்ந்து இந்தத் தோள்பட்டை, தாடையெல்லாம் ஒரே இழுப்பு. டியூட்டி முடிச்சுட்டேன், வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்."

பேசிக்கொண்டே அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"சார், பதினொன்றரைக்கு இவரை அனுப்பறேன்" என்றாள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "அது பெரியவரோட நேரம் அக்கா. பதினாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் வர்றார், இன்னிக்குப் போய் உக்கார வைக்கலாமா? இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணா போகச் சொல்லலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி டிரைவர் காதில் விழுந்துவிட்டது. "ஐயோ, பெரியவர் பாக்கட்டுங்க. எனக்கென்ன, நாளைக்கு வர்றேன்" என்று கையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் நடந்தார். கதவுக்கு ஐந்தடிதான் இருக்கும்.

நான் எழுந்தேன். "அப்பா வரலை, அந்த நேரத்தை அவருக்குக் குடுத்துடுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். டிரைவரும் உள்ளே போவார், பொய்யும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். எல்லாம் தயாராக இருந்தது. தொண்டையைக் கனைத்தேன்.

அதற்குள் அவள் நர்ஸிடம், "ஓடு, அவரைப் பிடி, உள்ள கூட்டிட்டுப் போ!" என்று கத்திவிட்டாள். டிரைவர் உள்ளே போய்க் கதவு சாத்தியதும் மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், அந்தப் பெரியவர் வரமாட்டார். அப்படி ஒருத்தர் கிடையாது. நானாப் போட்ட பேர். இதோ முழிச்சுக்கிட்டு நிக்கறாரே, இவர் என் வீட்டுக்காரர்" என்றாள்.

காது சிவக்கவில்லை. அதை நான் கவனித்தேன். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கும் அளவில்லை, பெருமைக்கும் அளவில்லை.

மேனேஜர் பதில் சொல்வதற்குள் உள்ளே மணி அடித்தது. டாக்டரம்மா அப்படி அடிக்கிறவர் அல்ல. ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்தது. டிரைவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்; இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. வாசலில் டாக்டரம்மா எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா எழுந்திருக்க மாட்டார்."

அன்று வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேவிட்டேன். "ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்ல? எல்லாம் தயாரா வச்சிருந்தேன்!"

"நீங்க தொண்டையைக் கனைச்சு முடிக்கறதுக்குள்ள அவர் பஸ் ஏறியிருப்பார்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அது மட்டுமில்லைங்க. நீங்க பொய் சொல்லி என்னைக் காப்பாத்திட்டா, நாளைக்கு அந்த நேரம் கிடையாதே. பெரியவர்தான் வெளியூர் போயிடுவாரே" என்றாள். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

ஒன்பது நாள் மேனேஜர் அவளிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். தினம் காலையில், இன்றைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே சீருடைக்கு இஸ்திரி போட்டாள். மாலை ஆறு மணிக்கு என் போன் சும்மா கிடந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு வீட்டில் ஓர் ஆள் குறைந்த மாதிரி இருந்தது. அவள் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, அந்த மேசை இல்லாமல் இவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

பத்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று, பதினொன்றரைக்குப் பெரியவருக்குப் பதிலாக உள்ளே போனவர்களின் பட்டியல். ஒவ்வொருவராகத் தேடி எடுத்திருந்தார். இருநூற்று எழுபத்திரண்டில், நேரில் வந்து நின்றவர்கள் இருநூற்றுப் பத்தொன்பது பேர். அதில் முப்பத்தொரு பேரை டாக்டரம்மா அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்.

"நீங்க முதல்ல வந்து கேட்டப்பவே நான் சரின்னு சொல்லியிருக்கணும் அக்கா" என்றார். "ஆனா செஞ்சது தப்புதான். பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான்." இரண்டாவது தாளை நகர்த்தினார். கண்டனக் கடிதம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வேலை?" என்று கேட்டாள்.

"வேலைக்கென்ன? பதினொன்றரையை இனிமே முன்மேசைக்குன்னு சிஸ்டத்துலயே ஒதுக்கச் சொல்லிட்டேன். சாயங்காலம் நாலரைக்கும் ஒண்ணு ஒதுக்கச் சொல்லியிருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நாலரை வேண்டாம் சார். காலைல முதல் நேரத்தைக் குடுங்க. ராத்திரி முழுக்க வலியைப் பொறுத்துக்கிட்டு விடியறதுக்காகக் காத்திருக்கறவங்கன்னு நிறையப் பேர் இருக்காங்க" என்றாளாம்.

"கண்டனக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டே பேரம் பேசறீங்களே அக்கா!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். காலை நேரத்தையும் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டிரைவர் வந்தார். முறையாக முதல் நாளே ஆன்லைனில் புக் செய்துகொண்டு, காலை பத்து பத்துக்கு. மகள் போனில் சொல்லிக்கொடுத்தாளாம். கொஞ்சம் இளைத்திருந்தார். டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு நேராக முன்மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, அன்னிக்கு ஒரு பெரியவர் தன்னோட நேரத்தை எனக்கு விட்டுக் குடுத்தாராமே. அவரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். எந்த நாள்ல வருவார்?"

இவளுக்குத் தான் கையெழுத்துப் போட்ட கடிதம் கண்முன்னால் வந்து நின்றது. காது சூடேறத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்த மேனேஜர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் வெளியூர்ல, அவர் பொண்ணு வீட்டுல இருக்கார்" என்றார். "நல்லா இருக்கார். நீங்க வந்து கேட்டீங்கன்னு நான் அவசியம் சொல்லிடறேன்."

"நல்ல மனுஷன். என்ன வயசு இருக்கும் அவருக்கு?"

மேனேஜர் கண்கூடச் சிமிட்டவில்லையாம். "எழுபத்தஞ்சு" என்றார். "போன வாரம்தான் நிறைஞ்சுது."